அச்சுக்கு அனுப்பாத மறுப்பு

யோசித்துப் பேச வேண்டும் என்று சொல்லாத பெரியவர்கள் தமிழில் இல்லை. நீதி நூல்களிலிருந்து வீட்டுத் திண்ணை வரைக்கும் இந்த அறிவுரை கொட்டிக் கிடக்கிறது. வள்ளுவர் சொல்லுக்கும் அவைக்கும் தனித்தனி அதிகாரங்களே ஒதுக்கினார். ஆனால் பேசுவதற்கு முன் எதை யோசிப்பது? நடைமுறையில் நாம் யோசிப்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: இதைச் சொன்னால் எனக்கு என்ன ஆகும்? வேலை போகுமா, உறவு முறியுமா, நாளைக்கு இதையே எடுத்து என்மேல் வீசுவார்களா? இந்தக் கணக்கைப் பிசகாமல் போடத் தெரிந்தவரை விவரமானவர் என்கிறோம். அவர் சொன்னது உண்மையா, யாரைப் போய்த் தைத்தது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வருவதில்லை.

வேறு விதமான யோசனை ஒன்று உண்டு. அதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று, 1934 ஜனவரி 28 அன்று ரவீந்திரநாத் தாகூர் காந்திக்கு எழுதிய ஒரு கடிதம். அதை எழுத வைத்த சொற்கள் பேசப்பட்ட ஊர் திருநெல்வேலி.

அந்த மாதம் 15ஆம் தேதி, பிற்பகல் இரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில், வடபீகாரும் நேபாளமும் குலுங்கின. நிலநடுக்கத்தின் அளவு சுமார் 8. முங்கேர் நகரம் செங்கல் குவியலாயிற்று. முசாபர்பூரிலும் பெருஞ்சேதம். வயல்கள் பிளந்து உள்ளிருந்து மணலும் நீரும் பீறிட்டன. கிணறுகள் மணலால் தூர்ந்துபோனதால் இடிபாட்டில் தப்பியவர்களுக்குக் குடிக்கத் தண்ணீரில்லை. இரண்டு நாடுகளிலும் சேர்த்து 10,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். சிறைப்பட்டிருந்த ராஜேந்திர பிரசாத்தை அரசு விடுவித்தது. அவர் வெளியே வந்து நிவாரண வேலைகளுக்குத் தலைமை ஏற்றார்.

காந்தி அப்போது நாட்டின் தென்கோடியில் இருந்தார். 1933 நவம்பரில் வார்தாவில் கிளம்பிய அரிசன யாத்திரை தமிழ்நாட்டுக்குள் வந்திருந்தது. தீண்டாமை ஒழிப்பு ஒன்றையே பேசி, ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் 12,500 மைல் சுற்றிய பயணம் அது. வழியெங்கும் சனாதனிகளின் கறுப்புக்கொடிகள். ஜனவரி 24, புதன்கிழமை, திருநெல்வேலியில் பேசும்போது பீகாரைப் பற்றியும் சொன்னார். என்னை மூடநம்பிக்கைக்காரன் என்று நீங்கள் சொன்னாலும் சரி, இந்த நிலநடுக்கம் நம் பாவங்களுக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை என்றுதான் என்னைப் போன்றவனால் நினைக்க முடிகிறது என்பது அவர் பேச்சின் சாரம். எந்தப் பாவம் என்பதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை: தீண்டாமை.

இதை வாய்தவறி வந்த சொல் என்று ஒதுக்கிவிட முடிந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை சுலபம். அவசரப்பட்டுப் பேசிவிட்டார், யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார், ஆகவே யோசித்துப் பேசுங்கள் என்று முடித்துவிடலாம். ஆனால் பேசியவர் காந்தி. நவீன இந்தியாவில் தன் நாவைப் பற்றி அவரளவுக்குக் கவலைப்பட்டவர்கள் குறைவு.

லண்டனில் சட்டம் படித்த காலத்தில் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க முடியாதவராக இருந்தார் அவர். அங்கிருந்த சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் உறுப்பினர். செயற்கைக் கருத்தடையை ஆதரித்த ஆலின்சன் என்ற மருத்துவரைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று தலைவர் ஹில்ஸ் கொண்டுவந்த தீர்மானம் காந்திக்கு நியாயமாகப் படவில்லை. இத்தனைக்கும் கருத்தடை விஷயத்தில் அவர் ஹில்ஸின் கட்சிதான். ஆனால் புலால் உண்ணாமைக்காக உள்ள சங்கத்தில் ஒருவர் இருக்கலாமா கூடாதா என்பதை வேறொரு ஒழுக்கக் கொள்கையைக் கொண்டு எப்படித் தீர்மானிப்பது? இதை எழுதி எடுத்துக்கொண்டு போனார். வாசிக்க எழுந்தபோது துணிச்சல் வரவில்லை, வேறொருவர் வாசித்தார். ஆலின்சன் தோற்றார். பாரிஸ்டராகி பம்பாய் திரும்பி, முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தபோதும் தலை சுற்ற, ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்து, வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.

1925 முதல் 'நவஜீவ'னில் தொடராக எழுதிய சுயசரிதையில் இந்தக் கூச்சத்தை அவர் நன்றியோடு நினைவுகூர்கிறார். அது தனக்குக் கேடயமாக அமைந்தது, சொற்களில் சிக்கனம் பழக்கியது, யோசியாத சொல் ஒன்று தன் நாவிலிருந்தோ பேனாவிலிருந்தோ புறப்படுவது அபூர்வம் என்கிற பொருளில் எழுதுகிறார். பிறகு திங்கட்கிழமை மௌனம் வந்தது. எழுத்து வேலைக்கு நேரம் வேண்டும் என்பதற்காகத் தொடங்கியதுதான். பழகப் பழக அதற்கு ஓர் ஆன்மிகப் பயன் இருப்பதைக் கண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பீகார் குலுங்கிய ஜனவரி 15கூட ஒரு திங்கட்கிழமைதான். அதற்கும் திருநெல்வேலிப் பேச்சுக்கும் இடையில் 22ஆம் தேதி இன்னொரு திங்கட்கிழமை வந்துபோயிருக்கிறது. வாரம் ஒருநாள் பேசாதிருந்தவர், தன் பேச்சைத் தானே எடைபோட்டுப் பழகியவர், நிலநடுக்கத்துக்குப் பின் ஒன்பது நாள் கழித்துச் சொன்ன சொல் அது. மூடநம்பிக்கை என்பார்கள் என்றும் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. நன்றாக யோசித்துத்தான் சொன்னார்.

யோசித்துச் சொன்ன சொல்லும் தவறாக இருக்க முடியும். தனியே உட்கார்ந்து யோசிப்பவரின் தராசில் இரு தட்டும் அவருடையவை, படிக்கல்லும் அவருடையதே. தீண்டாமை இந்து சமயத்தைத் தின்றுகொண்டிருக்கும் பாவம் என்ற எண்ணம் காந்திக்குள் இராப்பகலாக எரிந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த வெளிச்சத்தில் எதைப் பார்த்தாலும் அதற்கான சாட்சியமாகவே தெரிந்திருக்கும். மௌனம் எத்தனை நாள் நீண்டாலும் அந்த வெளிச்சத்தின் நிறம் மாறப் போவதில்லை.

இனி சாந்திநிகேதன்.

தாகூருக்கு அப்போது 72 வயது. பத்திரிகைச் செய்தியைப் படித்தார். அவர் கையில் இருந்தது அவ்வளவுதான்: நெடுந்தொலைவில், வங்காளிகள் அதிகம் கேள்விப்பட்டிராத ஓர் ஊரில் பேசிய பேச்சு, நிருபர் காதில் விழுந்து, தந்தியில் சுருங்கி, செய்தித்தாளில் நாலு வரியாக வந்து சேர்ந்திருந்தது. கோபம் வந்தது என்பதை அவர் எழுதிய மறுப்பே காட்டுகிறது. 1913இலேயே நோபல் பரிசு பெற்றவர். அவர் அனுப்பும் எதையும் கல்கத்தாப் பத்திரிகைகள் அன்றே அச்சுக்கோத்திருக்கும். உலகமும் படித்திருக்கும்.

அவர் செய்தது வேறு. மறுப்பை எழுதி முடித்தார். அதைக் காந்திக்கே அனுப்பினார். கூடவே ஒரு சிறு கடிதம். நீங்கள் இப்படிப் பேசியதாகப் பத்திரிகையில் வந்திருக்கிறது என்று செய்தியை எடுத்தெழுதி, இதை நம்ப எனக்குக் கடினமாக இருக்கிறது என்கிறார். ஆனால் உண்மையில் உங்கள் கருத்து இதுதான் என்றால் இது மறுக்கப்படாமல் போகக் கூடாது என்றும் சொல்கிறார். இத்துடன் என் மறுப்பு இருக்கிறது. செய்தி சரிதான் என்று கண்டால் தயவுசெய்து நீங்களே இதைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவையுங்கள். நானாக இதை வெளியிடவில்லை, உண்மையல்லாத ஒன்றை வைத்து உங்களைக் குறைசொல்லும் கடைசி ஆளாகவே நான் இருப்பேன். கடிதத்தின் உள்ளடக்கம் இவ்வளவே.

இந்தக் கடிதத்தின் அருமை உடனே கண்ணில் படாது. மரியாதைக்குரிய இரண்டு பெரியவர்களின் நாகரிகம் என்று தலையாட்டிக் கடந்துவிடத் தோன்றும். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மறுக்கப்படுகிறவரின் கையிலேயே மறுப்பைக் கொடுத்து, இதை வெளியிடுவதா வேண்டாமா என்று நீங்களே தீர்மானியுங்கள் என்கிறார். காந்தி தாமதிக்கலாம். நான் அப்படிச் சொல்லவே இல்லை, நிருபர் திரித்துவிட்டார் என்று, இன்றைய அரசியல்வாதிகள் தினமும் செய்வதுபோல, நழுவிக்கொள்ளலாம். அந்த வழியையும் தாகூர் திறந்துதான் வைத்திருக்கிறார். செய்தி பொய்யாக இருந்திருந்தால் மறுப்பு காந்தியின் கோப்பு ஒன்றில் போய்ப் படுத்திருக்கும். அப்படி ஒன்று எழுதப்பட்டதே வெளியில் தெரிந்திருக்காது. எழுதுகிறவர்களுக்கு இதன் விலை புரியும். வேகமும் கூர்மையும் கூடிவந்த ஒரு பதிலை எழுதி முடித்துவிட்டு, தேவையில்லை என்றால் கிழித்துப்போடத் தயாராக இருப்பது எளிதல்ல. நம்மில் பலர் எதிராளி தவறாகத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று உள்ளூர வேண்டிக்கொள்கிறோம், நம்முடைய நல்ல பதில் வீணாகிவிடக் கூடாதே என்பதற்காக.

அந்த மறுப்பு பதமானதும் அல்ல. யோசித்த பேச்சு என்றால் இதமான பேச்சு, முனை மழுங்கிய பேச்சு என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. தாகூரின் அறிக்கை அந்த எண்ணத்துக்கு அடங்காது. பௌதிகக் காரணங்களால் நிகழும் அழிவை மனிதரின் அறத்தோடு முடிச்சுப்போடுவது அறிவுக்கு ஒவ்வாதது என்று நேராகத் தொடங்குகிறது. பாவம் செய்தவர்களைப் பாதுகாப்பான தூரத்தில் விட்டுவிட்டுக் குழந்தைகளையும், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களையும் கொன்று பாடம் நடத்தும் கடவுளைவிட மனிதர்களே ஒழுக்கத்தில் மேலானவர்கள் ஆகிவிடுவார்களே என்கிறது. இன்னொன்றும் சொல்கிறார்: இந்தத் தர்க்கம் காந்தியைவிடக் காந்தியின் எதிரிகளுக்கே பொருத்தமாக இருக்கும், இந்த அழிவுக்குக் காரணமே மகாத்மாவும் அவரைப் பின்பற்றுபவர்களும்தான் என்று அவர்கள் சொல்லிவிட முடியும். கறுப்புக்கொடி பிடித்தவர்கள் கோயில் கதவைத் திறக்கச் சொன்ன பாவத்துக்கு வந்த தண்டனை இது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாட்டு மக்கள் மனத்திலிருந்து அச்சத்தைப் போக்கிய அதே வாயிலிருந்து பகுத்தறிவுக்கு மாறான சொல் வரும்போது ஆழமாகக் காயப்படுகிறோம் என்று முடிக்கிறார். கத்தியின் கூர்மை கொஞ்சமும் குறையவில்லை. யாரைக் குத்துகிறோம், அவர் அதற்கு உரியவர்தானா என்பதில்தான் தாமதம் காட்டினார்.

தாகூர் இந்த நிதானத்தை எங்கிருந்து பெற்றார்? கவியின் இயல்பு என்றோ முனிவரின் பக்குவம் என்றோ சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவருக்கு ஒரு சூடு பட்டிருந்தது என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். ஆனால் தேதிகள் அருகருகே கிடக்கின்றன.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்ட் வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்து, ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மட்டுமே வாக்களித்துத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதிகள் கொடுத்தார். அதை எதிர்த்துக் காந்தி எரவாடா சிறையில் செப்டம்பர் 20 நண்பகல் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது: தனித்தொகுதி போயிற்று, பொதுத்தொகுதிகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இதை உடனே ஏற்றுக்கொள்ளும்படி தாகூர் பிரதமருக்குத் தந்தி அடித்தார். 26ஆம் தேதி தாமே எரவாடா போய்ச் சேர்ந்தார். அன்று மாலை காந்தி உண்ணாவிரதத்தை முடித்தபோது அருகிலிருந்து பாடவும் செய்தார். நாடு முழுக்கக் கண்ணீர் விட்ட நாள்.

பத்து மாதம் கழித்து, 1933 ஜூலையில், வங்காள வழக்கறிஞர் சர் என்.என். சர்க்காருக்கு அனுப்பிய செய்தியில் தாகூர் வேறு விதமாகப் பேசுகிறார். அந்தத் தந்தியை அடித்தபோது இருந்த வேதனையான நிலைமையில், ஒப்பந்தத்தின் விளைவுகளை அமைதியாக எண்ணிப்பார்க்க நேரமும் இல்லை, மனநிம்மதியும் இல்லை. மகாத்மாஜியின் மேல் இருந்த அன்பினாலும் நம்பிக்கையினாலும் பொறுத்திருந்து ஆலோசிக்கத் துணியவில்லை. அது வருந்தத்தக்கதாயிற்று என்கிறார். அவருடைய வருத்தத்தின் உள்ளடக்கம் எனக்கு உவப்பானதல்ல. வங்கத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு 30 இடங்கள் போனதில் சாதி இந்துக்களுக்கு நேர்ந்த இழப்பையே வங்கத்துக்கு நேர்ந்த அநீதி என்று அவரும் பார்த்தார். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது அவர் கொடுக்கும் வாக்குமூலத்தின் வடிவம். நேரம் இல்லை, அன்பு கண்ணை மறைத்தது, காத்திருக்கத் துணியவில்லை. உலகப் புகழ்பெற்ற ஒரு மனிதர், தம் பெயரின் முழுக் கனத்தையும் சேர்த்து அனுப்பிய ஒரு வாக்கியத்தைப் பற்றி இப்படிச் சொல்கிறார். இது நடந்து ஆறு மாதத்தில் திருநெல்வேலிச் செய்தி வருகிறது. அதே மகாத்மாஜி. இம்முறை அன்புக்குப் பதிலாகக் கோபம். அவசரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஜனவரி 28 கடிதத்தில் அவர் தமக்கே கொடுத்துக்கொண்டது, 1932 செப்டம்பரில் கிடைக்காத அந்த அவகாசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடிதம் வந்து சேர்ந்தபோது காந்தி குன்னூரில் இருந்தார். பிப்ரவரி 2ஆம் தேதி பதில் எழுதினார். நழுவவில்லை. பல கூட்டங்களில் இதைப் பேசியிருக்கிறேன், இது நான் யோசித்து வந்தடைந்த கருத்து என்று தம் கட்டுரையையும் சேர்த்து அனுப்பினார். நமக்குள் அடிப்படையான ஒரு வேறுபாடு இருக்கிறதுபோலும், என்ன செய்வேன் என்கிறார். என் கட்டுரையைப் படித்த பிறகும் உங்கள் அறிக்கையை வெளியிட வேண்டும் என்று நினைத்தால் இங்கேயோ அங்கேயோ, உங்கள் விருப்பப்படி, உடனே வெளியிடலாம். ஆக, தாகூர் அவர் கையில் கொடுத்த முடிவை அவர் மறுபடி தாகூரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பிப்ரவரி 16ஆம் தேதி 'ஹரிஜன்' இதழில் தாகூரின் மறுப்பு வெளிவந்தது. கூடவே காந்தியின் பதிலும். தன்னை இவ்வளவு கடுமையாகக் கண்டிக்கும் அறிக்கையைத் தன் பத்திரிகையிலேயே போட்டார்.

பதிலில் அவர் இறங்கி வரவில்லை. இயற்கை விதிகள் இயங்கும் விதம் எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் வறட்சியும் வெள்ளமும் நிலநடுக்கமும் மனிதரின் ஒழுக்கத்தோடு தொடர்புடையவை என்ற நம்பிக்கையை விடவில்லை. நிரூபிக்க முடியாதுதான், ஒருவேளை இது ஆதாரமற்றது என்று தெரியவந்தாலும், தூய்மை பெற வேண்டும் என்ற ஊக்கத்தைத் தந்திருக்குமே, அந்தவரை நன்மைதானே என்கிறார். எனக்கு இது தோற்ற வாதமாகவே படுகிறது. நல்ல காரியத்துக்குப் பயன்படும் என்பதற்காக ஆதாரமில்லாததைச் சொல்லலாம் என்றால் கெட்ட காரியத்துக்காகச் சொல்பவர்களை எந்த முகத்தோடு தடுப்பது? இந்த விவாதத்தில் தாகூர் சரி, காந்தி தவறு. மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் இருவரும் சொன்னது என்ன என்பதில் ஒரு குழப்பமும் மிஞ்சவில்லை. நான் சொன்னது அதுவல்ல, நீங்கள் புரிந்துகொண்டது தவறு என்ற, எந்தச் சண்டையிலும் பாதியை விழுங்கிவிடும் வெற்றுத் தகராறு இதில் ஒரு வரிகூட இல்லை. வேறுபாடு எங்கே இருந்ததோ அங்கேயே நின்று பேசினார்கள். ஒரு கடிதத்தின் தாமதம் அதைச் சாதித்தது.

திருநெல்வேலியில் பேசிய சொல் இன்னொருவர் காதிலும் விழுந்தது. ஜவாஹர்லால் நேரு அந்நாட்களில் பீகார் போயிருந்தார். முங்கேரில் இடிபாடுகளை அகற்றுவதில் மக்கள் தயங்குவதைப் பார்த்து, நிவாரணக் குழுவின் தலைவர்கள் எல்லாரும் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கி ஒருநாள் முழுக்கத் தோண்டினார்கள். ஒரு சிறுமியின் உடலை வெளியே எடுத்ததாக நேரு தம் சுயசரிதையில் எழுதுகிறார். அதே அத்தியாயத்தில்தான் காந்தியின் கூற்றைப் படித்து அதிர்ந்ததையும் எழுதுகிறார். பாவத்துக்குத் தண்டனை என்றால் எந்தப் பாவத்துக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜமீன்தாரி முறையைப் பொறுத்துக்கொண்ட பாவம் என்று நான் சொல்லலாமே, சட்டமறுப்பு செய்த பாவம் என்று பிரிட்டிஷ் அரசு சொல்லலாமே, தீண்டாமை கொடிகட்டிப் பறக்கும் பகுதிகளை விட்டுவிட்டு நிலநடுக்கம் ஏன் இங்கே வர வேண்டும் என்ற ரீதியில் போகிறது அவருடைய கேள்வி. நேரு மறுப்பு எதையும் யாருக்கும் அனுப்பவில்லை. பிப்ரவரியிலேயே மறுபடி கைதாகி, சிறையில் உட்கார்ந்து எழுதிய நூல் 1936இல் வெளிவந்தது. அதுவும் ஒரு தாமதம், சிறை கொடுத்த தாமதம்.

காந்தி திருநெல்வேலியில் யோசித்தது தன் எதிரே இருந்த சாதி இந்துக்களை. அவர்கள் மனச்சாட்சியை உலுக்க வேண்டும். அதற்கு அந்தச் சொல் உதவும். சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி, மகளைத் தோண்டி எடுக்கும் ஒரு தகப்பன் அதே சொல்லைக் கேட்டால் அது என்னவாக மாறும் என்பது அந்த யோசனைக்குள் வரவில்லை. தாகூருக்கு வந்தது. யாரிடம் பேசுகிறோம் என்று எல்லாரும் யோசிக்கிறோம். யாரிடம் பேசவில்லையோ அவர்கள் காதிலும் விழும் என்பது யாராவது சொன்னால்தான் உறைக்கிறது.

மௌனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1947 ஜூன் 2, திங்கட்கிழமை. வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் பிரிவினைத் திட்டத்தை காங்கிரஸ், முஸ்லிம் லீக், சீக்கியத் தலைவர்களிடம் கொடுத்துவிட்டு, காந்தியை எதிர்பார்த்துக் கலங்கிக் காத்திருந்தார். பிரிவினையை வெளிப்படையாக எதிர்த்துவந்தவர் இவர். வந்தவர் வாயில் விரலை வைத்துக் காட்டினார்: மௌன நாள். பழைய உறைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். மௌனத்துக்கு இரண்டு விலக்குகள் வைத்திருக்கிறேன், அவசர விஷயமாக உயர்பதவியினரோடு பேசலாம், நோயாளிகளைக் கவனிக்கும்போது பேசலாம். ஆனால் இன்று நான் மௌனத்தைக் கலைப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று தெரியும் என்பது அதன் பொருள். பேச வேண்டியது ஒன்றிரண்டு இருக்கிறது, இன்றைக்கு அல்ல என்றும் எழுதினார். மவுண்ட்பேட்டனுக்குப் பெரிய நிம்மதி. அந்த உறைகளைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டார்.

இந்தக் காட்சியைக் காந்தியின் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு உறுதியில்லை. நாடு துண்டாவதைவிட அவசரமான விஷயம் என்ன இருக்க முடியும்? விலக்கு இருந்தது, தெரிந்தே அதைப் பயன்படுத்தவில்லை. தோற்றுவிட்டோம் என்று தெரிந்தவரின் மௌனமாக இருக்கலாம், தன் சீடர்கள் ஏற்றுக்கொண்டதைத் தன் வாயால் உடைக்க விரும்பாத மௌனமாகவும் இருக்கலாம். அதே மாத நடுவில் காங்கிரஸ் கமிட்டி கூடியபோது திட்டத்தை ஏற்றுக்கொள்ளும்படி அவரே பேசினார். எதுவாக இருந்தாலும், பேசாதிருப்பதும் யோசிப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பதற்கு அந்த உறைகள் சான்று. பேசாதவரைப் பார்த்தவுடன் ஆழமானவர் என்று முடிவுகட்டும் பழக்கம் நம் ஊரில் அதிகம். பல மௌனங்களுக்குள் அப்படி ஒன்றும் இருப்பதில்லை.

கடைசியாக, இந்த அறிவுரை யாருக்குச் சொல்லப்படுகிறது என்பது. நம் வீடுகளில் "யோசிச்சுப் பேசு" என்பது மேலிருந்து கீழே மட்டுமே விழுகிற வாக்கியம். மாமியார் மருமகளிடம் சொல்லலாம். மருமகள் திருப்பிச் சொன்னால் அதற்கு வாய்க்கொழுப்பு என்று பேர். முதலாளி கணக்கப்பிள்ளையிடம் சொல்லலாம். ஊர்க்கூட்டத்தில் நியாயம் கேட்டு எழுந்த சேரிப் பையனிடம், "தம்பி, பாத்துப் பேசுப்பா" என்று யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். அவன் தட்டிக்கேட்கும் காரியத்தைச் செய்தவரிடம் பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லமாட்டார். ஆக, இது அறிவுரையாகக் கிளம்பி வாய்ப்பூட்டாகப் போய் முடிகிறது. யார் சொல் தூரம் போகுமோ, யார் சொல்லுக்குப் பின்னால் பத்திரிகையும் பதவியும் பரிசும் நிற்கின்றனவோ, அவர்கள் மீதல்லவா இந்தக் கடமை முதலில் விழ வேண்டும்? தாகூரின் கடிதம் எனக்கு முக்கியமாவது அதனால்தான். தம் சொல் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்த ஒருவர், யாரும் கேட்காமல், தம்மைத் தாமே நிறுத்திவைத்துக்கொண்டார்.

ஆனால் அப்படி நிறுத்திவைத்துக்கொள்ள அவகாசம் வேண்டும். அது எல்லாருக்கும் ஒரேபோலக் கிடைப்பதில்லை. பூனா ஒப்பந்தத்தில் யோசிக்க நேரமில்லாமல் சொல் கொடுத்தவர் தாகூர் மட்டும் அல்லர். எதிர்ப்பக்கத்தில் அம்பேத்கர் இருந்தார். தன் மக்களுக்குக் கிடைத்திருந்த தனித்தொகுதியை விட்டுக்கொடுப்பதா, இல்லை ஒரு மகாத்மாவின் சாவுக்குப் பொறுப்பேற்று, அதன் பழியை ஒவ்வொரு கிராமத்திலும் தன் மக்கள் சுமக்க விடுவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. காந்தியின் நாடித்துடிப்பே கடிகாரம். யோசித்துப் பேசுங்கள் என்று நாடே அவரிடம் சொல்லிற்று. யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. தாகூர் பத்து மாதத்தில் தந்தியைப் பற்றி வருந்த முடிந்தது, அந்த வருத்தத்தால் அவருக்கு எதுவும் குறைந்துவிடவில்லை. அம்பேத்கர் தம் கசப்பை முழுதாகக் கொட்டி எழுதிய நூல் வந்தது 1945இல். தொகுதி போனது போனதுதான். ஜனவரி 28க்கும் பிப்ரவரி 2க்கும் இடையில் ஐந்து நாள். செப்டம்பர் 20 நண்பகலுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தான 24ஆம் தேதிக்கும் இடையில் இருந்ததும் ஏறத்தாழ அவ்வளவுதான். முதலாவதை அளந்தது அஞ்சல் வண்டி.